கதவோரம் நின்ற பெட்டி

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தண்ணீர் ஜென்ம விரோதி. இது தெரியாவிட்டால் இந்தக் கதை பாதிதான் புரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் வந்து இறங்கும் இடத்துக்கு அடியில் ஒரு குழி இருக்கும். மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். ஊறினால் ஒயர் போச்சு, ஸ்பிரிங் துருவேறிப் போச்சு, மேலே ஏதோ ஒரு மாடியில் யாரோ மாட்டிக்கொண்டு காட்டுக் கத்தல் கத்துவார்கள். ஆகவே குழியின் தரையை ஒரு மூலைப் பக்கமாக லேசாகச் சாய்த்துப் பூசி, அந்த மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு போக்கு வைப்பார்கள். அந்தச் சாய்வுக்கு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பேர் வாட்டம். குழி என்றால் வாட்டம் இருக்கணும், வாட்டம் என்றால் போக்கு இருக்கணும். நம் ஆளுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி.

நம் ஆளுக்கு அவனோடு வேலை பார்த்தவர்கள் வைத்த பேர் ஸ்பானர். தன் கல்யாணத்துக்கே பேன்ட் பாக்கெட்டில் ஸ்பானரோடு வந்தவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? வேலையில் கெட்டிக்காரன். வெட்டிக்கொண்டு வா என்றால் கட்டிக்கொண்டு வருகிற ரகம். ஆனால் நாளெல்லாம் ஏறி இறங்கினாலும் ஓர் இடத்துக்கும் போய்ச் சேராத வேலை அது. அவனே அப்படித்தான் சொல்வான். மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் பெர்மாகல்ச்சர் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். மண்ணைப் போட்டுப் புரட்டாமல், பெய்கிற மழையைப் பெய்த இடத்திலேயே நிறுத்தி, மரம், கொடி, கோழி, குப்பை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக வைத்துக்கொண்டு வாழ்கிற முறை அது. பார்க்கப் பார்க்கப் பைத்தியம் முற்றியது. ஒருநாள் வீட்டுக்கு வந்து, "நிலம் பாத்துட்டேன்"னு சொல்லிவிட்டான்.

அவன் மனைவிக்குத் திரைச்சீலை தைக்கிற வேலை. கடையில் ஜன்னலோரமாக அவளுக்கென்று ஓர் இடம், அவளுக்கென்றே தேடி வருகிற வாடிக்கைக்காரர்கள். தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் திரையின் அடிமடிப்பு கோடு போட்ட மாதிரி விழும். அந்த விஷயத்தில் அவளிடம் ஒருத்தரும் வாலாட்ட முடியாது. அப்பேர்ப்பட்டவள் இந்தச் செய்தியைக் கேட்டுக் குதிக்கவில்லை, கத்தவில்லை.

"சரி, வர்றேன். ஆனா என் தையல் மிஷின் அண்ணன் வீட்லயே இருக்கட்டும்."

"ஏன், அங்க வந்து தைக்க மாட்டியா?"

"அங்க யாருக்குங்க திரை? ஆட்டுக்கா?"

அவன் போய்ச் சாமான் கட்ட ஆரம்பித்தான்.

இப்படியாக அவனும் அவளும், வாலு என்று பேரெடுத்த மகளும், மனைவியின் அண்ணன் வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. வீட்டுக்குப் பின்னால் மேலேறிப் போகும் சரிவு நிலம். சரிவில் சரளைக் கல்லும் முள்ளும் தவிர வேறு வம்பு கிடையாது. குடிக்கத் தண்ணீர் வண்டியில்தான் வரவேண்டும். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சரிவைப் பார்த்தாள்.

"போன மழைத் தண்ணி எல்லாம் எங்க போச்சு?"

"கீழ ரோட்டுக்கு ஓடிருச்சு."

"மண்ணு?"

"அதுவும் கூடவே ஓடிருச்சு."

அவள் உள்ளே போனாள். தன் துணிகளும் மகளின் துணிகளும் இருந்த நீலப் பெட்டியை, பெரிய பெட்டி, ஒரு சக்கரம் உடைந்தது, இழுத்து வந்து கதவோரம் நிறுத்தினாள்.

"இது இங்கதான் நிக்கும். வர்ற மழையில தண்ணி இந்த நிலத்துல நின்னா நானும் நிக்கிறேன். அது ஓடுச்சுன்னா, பெட்டியத் தூக்கிட்டு நானும் ஓடுறேன். புள்ளையும் என்கூடத்தான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே சொன்ன எதையும் இதுவரை மாற்றிக்கொண்டதில்லை. இவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொன்னதே அப்படித்தான்.

அன்று முதல் ஸ்பானருக்கு அந்தப் பெட்டிதான் முதலாளி. காலையில் மண்வெட்டியோடு வெளியே போகும்போது அது நிற்கும். இடுப்பு ஒடிந்து திரும்பி வரும்போதும் நிற்கும். வீடு கூட்டினால்கூட அதைச் சுற்றித்தான் கூட்டுவான், நகர்த்தமாட்டான். தொட்டுவிட்டால் கிளம்பிவிடுமோ என்று பயம். வேலையில் அத்தனை தைரியசாலி, பெட்டியைக் கண்டால் பெட்டிப் பாம்பு.

சரிவின் குறுக்கே வாய்க்கால் மாதிரி நீளக் குழிகள் வெட்டவேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் கீழ்ப்பக்கம் கரையாகப் போடவேண்டும். மேலேயிருந்து வருகிற மழை குழியில் விழுந்து, போக வழியில்லாமல் நின்று, மெதுவாக மண்ணுக்குள் இறங்கவேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். குழி ஒரே மட்டமாக இருக்கவேண்டும் என்பதற்காக மூன்று கம்புகளைக் கவையாகக் கட்டி, நடுவில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, அடிக்கு அடி மட்டம் பார்த்து முளைக்குச்சி அடித்தான். வாலுதான் குச்சி எடுத்துக் கொடுப்பாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரும் வைப்பாள். "அப்பா, டீச்சர் கோணலா நிக்குறாங்க!" என்று அவள் கூவினால் அவன் ஓடிப்போய் டீச்சரை நிமிர்த்துவான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவளுக்கு இதே வேலை. நகரத்தில் மூக்கடைப்பும் மருந்துமாக இருந்த பிள்ளை, இங்கே முட்டி நிறையச் சிராய்ப்போடு சட்டி நிறையச் சாப்பிட்டாள்.

மனைவியும் சும்மா இருக்கவில்லை. இருக்கப்போகிறேன் என்றும் சொல்லவில்லை. பக்கத்து நிலத்து ஆட்டுக்காரம்மாவிடம் சாணமும் எருவும் வாங்கினாள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரைப் பூசணிக்குத் திருப்பிவிட்டாள். கோழி வாங்கினாள். கோழிகளுக்குத் தன் பழைய வாடிக்கைக்காரர்கள் பேரையே வைத்தாள். எதைப் போட்டாலும் கொத்திப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற கோழி ஒன்று இருந்தது. அது மூன்றாவது மாடி மேடம். மேடம் அடைகாத்துக் குஞ்சு பொரித்த அன்று அவள் வாசலில் உட்கார்ந்து, தன்னை மறந்து ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். ஸ்பானர் அதைக் கேட்டுவிட்டு நைசாகக் கதவோரம் எட்டிப் பார்த்தான். பெட்டி நின்றுகொண்டுதான் இருந்தது. சரி, மண்வெட்டியை எடு என்று போய்விட்டான்.

நடுநடுவே மச்சான் போன் பண்ணுவார். மனைவியின் அண்ணன், வண்டி வைத்திருக்கிறவர், வாயையும் வண்டி மாதிரியே ஓட்டுகிறவர்.

"என்ன மாப்ள, காட்ல ஏதாச்சும் முளைச்சுதா, இல்ல நீங்கதான் முளைச்சு நிக்கிறீங்களா? வண்டி அனுப்பட்டுமா? வர்றதுக்குத்தான் வாடகை வாங்குனேன், திரும்பறதுக்கு வாங்க மாட்டேன்."

"வேண்டாம் மச்சான், மழை வரட்டும்."

குழிகள் முடிந்தன. ஊரில் உள்ளவன் வெட்டினால் குழி, இவன் வெட்டினால் கண்காட்சி. அடித்தரையை மண்வெட்டியால் சீவிச் சீவி வழவழவென்று ஆக்கினான். ஒவ்வொரு குழியின் கடைசியிலும் கல் அடுக்கி, அழகாக ஒரு சின்ன வாய் விட்டான். ஏன் விட்டான் என்று அவனைக் கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. கை செய்தது. ஒருத்தரும் கேட்கவும் இல்லை.

மழை ஒரு மத்தியானத்தில் வந்தது. வாலு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை, தகரக் கூரையில் தடதடவென்று இறங்கிவிட்டது. ஸ்பானர் பின்வாசலுக்கு ஓடினான். மேல்குழியில் செம்மண் தண்ணீர் விழுந்து ஏறிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நிக்குது! வந்து பாரு, நிக்குது!"

"நிக்குது! நிக்குது!" என்று வாலு கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

அப்போது குழித் தண்ணீரில் ஒரு சருகு மிதந்தது. ஸ்பானர் அதைப் பார்த்தான். அது நிற்கவில்லை. அவசரமில்லாமல், ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி, ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. பிறகு குழித் தண்ணீர் மொத்தமும். கடைசியில் அவன் அடுக்கிய கல்வாய் வழியாக விழுந்து, கீழ்க்குழிக்கு வந்து, அங்கேயும் அதே மரியாதையோடு நடந்து, அடுத்த கல்வாய் வழியாக ரோட்டைப் பார்க்கக் கிளம்பியது.

வாட்டம்! அட பாவி மனுஷா! மேலே மட்டம் பார்த்துப் பார்த்துக் குச்சி அடித்துவிட்டு, அடியில் சீவும்போது கை பழைய ஞாபகத்தில் வாட்டம் கொடுத்திருக்கிறது. போதாக்குறைக்குப் போக்கு வேறு. தண்ணீரை நிறுத்த வெட்டிய குழியில் தண்ணீரை வழியனுப்பி வைக்கிற வேலையைக் கச்சிதமாகச் செய்திருக்கிறான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

தண்ணீர் ஓடினால் நானும் ஓடுவேன் என்றாளே! மெதுவாகத் திரும்பிக் கதவோரம் பார்த்தான்.

பெட்டியைக் காணோம்.

வெளியே எட்டிப் பார்த்தால், கொட்டுகிற மழையில் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மனைவி போய்க்கொண்டிருக்கிறாள்.

"ஏய்! மழையாவது விடட்டும்! நானே பஸ் ஏத்தி விடறேன்!"

அவள் திரும்பாமலே கத்தினாள். "பஸ்ஸும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்! மண்வெட்டிய எடுத்துட்டு வாங்க!"

அவள் ரோட்டுப் பக்கம் போகவில்லை. சரிவில் ஏறினாள். மேல்குழியின் கடைசிக்குப் போய், தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த கல்வாயில் பெட்டியைக் குறுக்கே படுக்கப் போட்டு, அது புரண்டுவிடாமல் ஒரு காலால் மிதித்துக்கொண்டு மூடியைத் திறந்தாள்.

"என்ன வேடிக்கை? கல்ல அள்ளிப் போடுங்க! மண்ணப் போடுங்க!"

போட்டான். அள்ளி அள்ளிப் போட்டான். வாலு இரண்டு கையிலும் கூழாங்கல்லைக் கொண்டுவந்து, பீரோவில் நகை வைக்கிற பத்திரத்தோடு பெட்டிக்குள் வைத்தாள். மூடியை மூடி அதன்மேல் மனைவி ஏறி உட்கார்ந்தாள். ஓடி வந்த தண்ணீர் பெட்டியில் முட்டியது. கொஞ்சம் சுழன்றது. பிறகு வந்த வழியே பின்வாங்கி, குழி முழுக்கப் பரவி, மெள்ள மெள்ள மேலே ஏறியது. சருகுகள் நின்றுவிட்டன. கீழ்க்குழியின் வாயை மண்ணாலும் வைக்கோலாலும் அவன் ஒருத்தனே அடைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பெட்டி காலியா இருந்துச்சே. துணியெல்லாம்?"

"அலமாரில."

"எப்ப வச்ச?"

"மேடம் குஞ்சு பொரிச்சாளே, அன்னைக்கே எடுத்து வச்சிட்டேன்."

"அப்போ இத்தனை நாளா வெறும் பெட்டியா நின்னுச்சு?"

"ஆமா. அது நின்னாத்தானே உங்க கை நிக்காம ஓடுது!"

பெட்டிமேல் உட்கார்ந்தபடி அவள் சிரித்தாள், தலையிலிருந்து மழை ஒழுக ஒழுக. ஸ்பானர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். பயந்த பயத்தையெல்லாம் நினைத்து முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"நான்தான் தப்பு பண்ணிட்டேன். வாட்டம் குடுத்துட்டேன். தண்ணி ஓடிருச்சே."

"ஓடப் பாத்துச்சு. பிடிச்சு உக்கார வச்சாச்சுல்ல? அடிமடிப்பு கோணினா திரையவா தூக்கிப் போடுவாங்க? பிரிச்சுத் தைக்கலாம். நாளைக்கு அந்தத் தரைய மட்டம் பண்ணுங்க."

"பண்றேன்."

"கவையக் கட்டிப் பண்ணுங்க. உங்க கைய நம்பிப் பண்ணாதீங்க."

அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவனுக்கு. மழை விடுகிறவரைக்கும் மூன்று பேரும் வீட்டுக்குள் போகவே இல்லை.

மறுநாள் காலையில் குழிகளில் வானம் தெரிந்தது. மூன்றாவது மாடி மேடம் குஞ்சுகளோடு கரையில் வந்து நின்று, தண்ணீரைக் குனிந்து பார்த்து, வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆட்டுக்காரம்மா வேலியோரம் வந்து மனைவியிடம் நெடுநேரம் ஏதோ பேசிவிட்டுப் போனார். அவர் போன சூட்டோடு போன் அடித்தது. மச்சான்தான்.

"அங்க நல்ல மழையாமே! தண்ணி நின்னுதா, ஓடுச்சா? வண்டி அனுப்பட்டுமா?"

ஸ்பானர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் போனை வாங்கினாள்.

"அனுப்புண்ணா. ஆனா வெறும் வண்டியா அனுப்பாத. என் தையல் மிஷின ஏத்தி அனுப்பு."

"மிஷினா? அந்தக் காட்ல யாருக்கும்மா தைக்கப் போற?"

வேலிக்கு அப்பால் மழைச்சாரல் அடித்து நனைந்து கிடந்த ஆட்டுக் கொட்டகையை அவள் ஒரு கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

"ஆட்டுக்குத்தான்" என்றாள்.