ஜெர்மனிக்காரர்களின் வழக்கம்

சில வருடங்களுக்கு முன்பு, நான் நர்சிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்தில் நடந்தது இது. ஜெர்மனியில் நர்சிங் படிக்கும் ஒரு பெண், கிராமத்தில் தொண்டு செய்வதற்காக ஒரு மாதம் வந்திருந்தாள். அவளுக்குத் துணையாகக் கல்லூரியில் என்னைப் போட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் சுமாராக வரும், வாய் ஜாஸ்தி. அதுதான் என் தகுதி.

வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது எங்கள் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காபி கொடுப்பார்கள். அதைக் குடித்த பிறகுதான் பிரஷர் பார்க்கக் கையை நீட்டுவார்கள்.

அப்படி ஒரு வீட்டில் மருமகள் ஏழு மாத கர்ப்பிணி. கொஞ்சம் வேர்க்கடலை விவசாயம், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் சுக்கு காபிக் கடை, அவ்வளவுதான் அவர்கள் வருமானம். அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. இப்படியே போனால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்று எங்கள் கல்லூரி மேடம் கவலைப்பட்டார். மாத்திரை தவறாமல் போடுகிறாள், வீட்டில் கீரை, முட்டை எல்லாம் சமைக்கிறார்கள். அப்புறம் ஏன் ரத்தம் ஏறவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் மதியம் மாமியார் எங்களை வற்புறுத்திச் சாப்பிட உட்கார வைத்தபோதுதான் விஷயம் விளங்கியது. முதலில் விருந்தாளி, அப்புறம் ஆண்கள், அப்புறம் மாமியார். சட்டியில் மிஞ்சுவதுதான் மருமகளுக்கு. பெரும்பாலும் மிஞ்சுவது சோறும் ரசமும்தான். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் கடைசியில்தான் சாப்பிடுவார், அதனால் எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

என் ஜெர்மன் தோழிக்குப் பட்டது. அந்தப் பெண்ணுக்குப் போக வேண்டிய முட்டையை நான் எப்படிச் சாப்பிடுவது என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமியாரின் முகம் வாடிவிட்டது, குழம்பு பிடிக்கலையா என்று என்னைக் கேட்டார். விருந்தாளி சாப்பிடாமல் எழுந்தால் அவருக்கு அவமானம். தோழி சொன்னதை அப்படியே சொன்னால் அதைவிடப் பெரிய அவமானம். என் வாய் சும்மா இருக்குமா?

"அது அவங்க ஊர் வழக்கம்ங்க. மாசமா இருக்கிற பொண்ணு கூட உட்கார்ந்து சாப்பிட்டாதான் விருந்தாளி கை வைப்பாங்களாம்" என்று அடித்துவிட்டேன்.

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு எங்கள் பக்கத்தில் உட்கார வைத்து, முட்டையும் கீரையும் பரிமாறினார். தோழியும் ஒரு பிடி பிடித்தாள்.

வெளியே வந்து நான் சொன்னதை விளக்கியதும் அவள் நடுரோட்டில் நின்று சிரித்தாள். அன்றிலிருந்து அந்த வழக்கத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. முட்டையும் முருங்கைக்கீரையும் வாங்கிக்கொண்டு தினமும் மதியம் அங்கே ஆஜராகிவிடுவோம். மருமகளுக்கு மெல்ல ரத்தம் ஏறியது. தோழிக்குச் சுடிதார் இறுகியது.

அவள் ஊருக்குக் கிளம்பும் முன் விடைபெறப் போனோம். மாமியார் என்னை மட்டும் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"அப்படி ஒரு வழக்கமே கிடையாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா. நானா மாத்தியிருந்தா வீட்டு ஆம்பளைங்க ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாங்க. நீ சொன்னது நல்ல சாக்கா போச்சு" என்றார். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "நான் மாசமா இருந்தப்ப இப்படி ஒரு பொய் சொல்ல யாரும் வரலை" என்றார்.



நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. நான் பார்க்கப் போனபோது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கும் தட்டு போட்டிருந்தது. ஜெர்மனியில் இப்படித்தான் என்று மாமனார் எனக்கே விளக்கம் கொடுத்தார்.

இப்போது நான் ஸ்டாஃப் நர்ஸ். ரத்தம் கம்மி என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தால், மாத்திரை போடுகிறாளா என்பதற்கு முன்பு, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்கிறேன். இல்லை என்று அவள் தலையாட்டினால், கூட வந்திருக்கும் மாமியாரிடம் சொல்வதற்கு என்னிடம் இன்னும் நிறைய நாடுகள் இருக்கின்றன.