பரிதா அழித்த பெயர்கள்

பெயர்ப்பலகையில் ஒரு பெயரை அழித்துவிட்டால் அந்த வீட்டுக் கதவு பூட்டிக்கொள்ளுமா? 1999-இல் பரிதாவிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பாள். யாரும் கேட்கவில்லை.

செம்பாக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் முனிரத்தினத்தின் தோல் கையுறை ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்திருந்தாள். மூலையில் ஒரு லினக்ஸ் சர்வர். எட்டுப் பேருக்கும் வரும் மெயில் அதில்தான் இறங்கும். அதைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மூன்று மாதத் தற்காலிகம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமா, இல்லையா என்று முனிரத்தினம் சாயங்காலம் சொல்வார்.

சர்வரை அமைத்துக் கொடுத்த வில்பிரட், "தேவையில்லாத போர்ட்டையெல்லாம் மூடிடும்மா" என்று சொல்லியிருந்தார். போர்ட் என்பது சர்வருக்குள் வரும் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அன்று காலை /etc/services என்ற கோப்பைத் திறந்தால் பெயரும் எண்ணுமாக வரிவரியாக ஓடியது. கதவெல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று முடிவுகட்டினாள். மெயிலுக்கு எஸ்.எம்.டி.பி. என்பது அவளுக்குத் தெரியும். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை அழித்தாள். நகல்கூட எடுக்கவில்லை. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டாள்.

பதினொரு மணிக்கு ஷிப்பிங் பார்க்கும் சம்பத் கத்தினார். "இன்னா பரிதா, ஒரு மெயிலும் வர்ல! ஜெர்மன்காரன் ஆர்டர் இன்னிக்கி வந்தாவணும்."

"வரும் அண்ணா, லைன் பிஸியா இருக்கும்."

"லைனு பிஸியா? உன் மூஞ்சிதான் பேஜாரா கீது!"

பார்த்தால், மெயிலெல்லாம் சர்வருக்குள் வந்து குவிந்திருந்தது. யாராலும் எடுக்கத்தான் முடியவில்லை. அதைவிட விசித்திரம், அதே சர்வரில் இருந்த கம்பெனியின் வெப் பக்கம், அதன் வரியையும் அவள் அழித்திருந்தும், ஜோராகத் திறந்தது. சர்வரின் பதிவேட்டில், 'பாப்-3 என்றொரு சேவை தெரியாது' என்று இருந்தது. எஸ்.எம்.டி.பி. மெயிலைக் கொண்டுவரும், எடுத்துக் கொடுப்பது பாப்-3.

அப்போதுதான் அவள் வீடு இருக்கும் குடியிருப்பின் பெயர்ப்பலகை நினைவுக்கு வந்தது. போன மாதம் பெயின்டர் பெயர்களின்மேல் வெள்ளையடித்துவிட்டார். எட்டாம் நம்பர் என்று தெரிந்த பால்காரர் நேரே வந்தார். பெயரை வைத்துத் தேடிய கேஸ்காரர் சிலிண்டரோடு திரும்பிப் போனார். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்!

வெப் புரோகிராமுக்குத் தன் எண் தெரியும். பாப்-3 கதவைத் திறந்துவிடும் புரோகிராமோ பெயரை வைத்து எண்ணைத் தேடுகிறது.

"அண்ணா, கொஞ்சம் எழுந்திருங்க." சம்பத்தின் கம்ப்யூட்டரில், மெயில் அமைப்பில் பாப்-3-இன் எண் இருந்தது: 110. அந்த ஒரு வரியைத் திரும்ப எழுதி, அந்தப் புரோகிராம் கோப்பை மறுபடி படிக்கும்படி செய்தாள். மெயில் கொட்டியது. ஜெர்மன்காரனும் வந்தான்.

மாலையில் முனிரத்தினம், "காலையில லைன் பிஸியாமே?" என்றார்.

ஆமாம் என்றால் அதோடு முடிந்துவிடும். "இல்ல சார். நான்தான் அழிச்சிட்டேன்." முழுதும் சொன்னாள்.

"கதவ மூடச் சொன்னா நேம் போர்ட அழிச்சிகினு வந்தியா?" அவர் சிரிப்பு அடங்க நேரமானது. "திங்கக்கிழமையிலிருந்து நிரந்தரம். மொதல்ல அந்த ஃபைல பழையபடி ஆக்கு. மூடறது எப்டின்னு வில்பிரட்ட கேளு."

வில்பிரட் சொன்னது ஒரே வரி: உள்ளே காத்திருக்கும் புரோகிராமை நிறுத்தினால்தான் கதவு மூடும்.

சர்வர் முன்னால் புதிதாக உட்காரும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பரிதாவின் கதையைச் சொல்லுங்கள். நகல் எடுக்காமல் அழித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.