இருவரிடமும் சொன்ன ஒரே பொய்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளைத் தேவி டீச்சரும் மாலதி டீச்சரும் தனி வகுப்பு வைத்து, சேர்ந்தே படிக்க வைத்தார்கள். ஒருவருக்கு வராதது மற்றவருக்கு வந்தது. அவர்களைப் பார்த்து மற்ற ஆசிரியர்களும் "நம்மால முடியும்" என்று பேசத் தொடங்கினார்கள். என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

இருவரையும் தனித்தனியே அறைக்கு அழைத்தேன். "உங்களுக்குச் சொல்லித்தரவே தெரியலன்னு அந்த டீச்சர் சொல்றாங்க" என்று இருவரிடமும் சொன்னேன். இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள்; அந்த வகுப்பும் நின்றுபோனது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டாமலேயே மேல்வகுப்புக்குப் போனார்கள். அதன்பின் எந்த ஆசிரியரிடம் எதைக் கேட்டாலும், "என்னால முடியாது சார்" என்ற பதில்தான். பள்ளி என் கைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

என் பணி ஓய்வு விருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. வேறு இடமில்லாமல் இருவரும் எனக்கு எதிரே அருகருகே உட்கார்ந்தார்கள். ரசம் வருவதற்குள் மாலதி தேவியிடம் கேட்டுவிட்டார்.

"எனக்குச் சொல்லித்தரத் தெரியாதுன்னு சார்கிட்ட சொன்னீங்களாமே டீச்சர்?"

"நானா? நீங்கதான் என்னை அப்படிச் சொன்னதா சார் சொன்னாரு!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கழுத்தில் அவர்கள் போட்ட மாலை. பாதிச் சாப்பாட்டில் இலையை மூடப் போனேன்.

"சாப்பிடுங்க சார், கடைசி நாள்லா" என்றார் தேவி. பிறகு மாலதியிடம் திரும்பினார்.

"திங்கக்கிழமை அந்த வகுப்ப மறுபடி ஆரம்பிப்போமா? முடியுமா?"

"ரெண்டு பேர் இருக்கோம்ல. முடியும்லா."

அதைக் கேட்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. இன்று நினைத்தாலும் குமட்டுவது அந்தப் பொய்யைவிட, அந்தப் பொறாமைதான்.