ரெண்டு தடவை வளைந்த நாக்கு

அந்தத் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேலே மாடியில் உட்கார்ந்திருக்கிற மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் 'கண்ணளவு'. சந்தை அளந்து பார்க்கிற கேஜ் தகட்டைக் கையால் தொடாமல், வெறும் கண்ணால் பார்த்தே காண்டாக்டரில் கேப் வைக்கிற ஆள் என்பதால் வந்த பெயர். அவருக்கு அதில் பெருமை தாங்காது.

காண்டாக்டர் என்றதும் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைத்தவர்கள் உண்டு. கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டில், "எந்த ரூட் பஸ்ஸுங்க?" என்று கேட்டு அவருடைய கோபத்துக்கு முதல் பிள்ளையார் சுழி போட்டார்கள். இது சுவிட்ச். பெரிய மோட்டார்களைப் போடவும் நிறுத்தவும் இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். சுருளில் கரண்ட் பாய்ந்தால் 'டக்'கென்று இழுத்துத் தொடும், நின்றால் விட்டு விலகும். விலகி நிற்கும்போது ரெண்டு வெள்ளிப் பொட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்துதான் கேப். அது குறைந்தால் தீப்பொறி தாவி, பொட்டு ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. கூடினால் தொட வேண்டிய நேரத்தில் அழுத்தமாகத் தொடாது. பொட்டைத் தாங்குகிற மெல்லிய தகட்டுக்கு ஷெட்டில் நாக்கு என்று பெயர். நுனியில் பிளவு வைத்த கம்பியால் நாக்கைக் கவ்வி லேசாக வளைக்க வேண்டும். அதுவும் ஒரே தடவையில். வளைத்து, நிமிர்த்தி, மறுபடி வளைத்தால் நாக்கு தளர்ந்துவிடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கொஞ்ச நாள் ஓடிய பிறகு தொங்கிப்போகும்.

கண்ணளவு இடது கைக்காரர். கோபக்காரர். இரண்டையும் சின்ன வயதில் மாற்றப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். ஃபேன் சத்தம் போட்டால் கோபம், டீ ஆறினால் கோபம், ஆறாமல் வந்தால் அதைவிடக் கோபம். அவருடைய மேஜையிலிருந்து போன பீஸ் திரும்பி வந்ததே இல்லை என்று சூப்பர்வைசர் எல்லாருக்கும் நடுவில் சொன்ன அன்றைக்கு மட்டும் சாயந்திரம் வரைக்கும் யாரையும் திட்டவில்லை.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மாப்பிள்ளை பரம சாது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, அதே ஷெட்டுக்குச் செக்கிங் வேலைக்கு மாற்றலாகி வந்தார். மாமனார் கேப் வைத்து நகர்த்தினால், அடுத்த மேஜையில் மாப்பிள்ளை கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்து, சரியானதை அனுப்பி, தப்பானதற்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மாமனார் மேஜைப் பக்கம் வந்தால் எழுந்து நிற்பார். ஒரே ஜோக்கை மூன்றாவது தடவை சொன்னாலும் அப்போதுதான் கேட்கிற மாதிரி சிரிப்பார். "தங்கம்யா என் மாப்பிள்ளை" என்று கண்ணளவு ஷெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தத் தங்கத்தோடுதான் இனிமேல் குடித்தனம் பண்ண முடியாது என்று மகள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"அடிச்சாரா?" என்றார் கண்ணளவு.

"இல்லப்பா."

"குடிச்சாரா?"

"ஐயோ, இல்லப்பா."

"பின்ன என்னம்மா உனக்குக் கேடு?"

மகள் சொன்ன கேடு அவருக்கு விளங்கவே இல்லை. சமைத்துப் போட்டால் பிரமாதம் என்கிறாராம். அவள் அந்தப் பக்கம் போனதும் உப்பு டப்பாவை எடுத்துப் போட்டுக்கொள்கிறாராம். அவள் மடித்து வைத்த துணியைப் பார்த்து அருமை என்கிறாராம். அவள் குளிக்கப் போனதும் பூனை மாதிரி போய்ப் பிரித்து, திரும்ப மடித்து வைக்கிறாராம். போன வாரம் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். சூப்பர் என்றவர், மறுநாள் தன் அக்காவிடம் போனில், "பார்க்கப் பார்க்கப் பழகிடும்னு நினைக்கிறேன்" என்றிருக்கிறார்.

"என் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாருப்பா. எது நிஜம், எது சும்மான்னே தெரியல. அந்த ஆளோட ஒரு சண்டைகூடப் போட முடியல. பைத்தியம் பிடிக்குது."

"சண்டை போட முடியலன்னு பொட்டியத் தூக்கிட்டு வந்த முதல் பொம்பள நீதான்டி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா இருக்குன்னு சொன்னா குத்தமா? நாளைக்கே கிளம்பு."

"அவர் மனசுல இருக்கறத வாயால சொல்ற அன்னைக்குப் போறேன். அதுவரைக்கும் போக மாட்டேன்."

அம்மாக்காரி அடுப்படியிலிருந்து, "அவ சொல்றதுல என்ன தப்பு?" என்றாள். கண்ணளவு ஒரு முறை முறைத்தார். அவள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள்.

நாள் ஓடியது. மகள் அசையவில்லை. மாப்பிள்ளை தினமும் ஷெட்டில், "அவ நல்லா இருக்காளா மாமா? அவளுக்கு எப்போ தோணுதோ அப்போ வரட்டும் மாமா" என்பார். வந்து கூட்டிக்கொண்டு போய்யா என்று கத்த வேண்டும்போல இருக்கும். மாப்பிள்ளை ஆயிற்றே, கத்தவும் முடியாது. ஒருநாள் இந்தப் பெண் இங்கேயே தங்கிவிடுவாளோ என்று பயமும் வந்தது. அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் கோபப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து, விற்ற இடத்திலிருந்து ஒரு பெட்டி சரக்கு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அதைக் கொண்டுவந்து கண்ணளவு மேஜைமேல் வைத்தார்.

"உங்க மேஜைப் பீஸுதான். நாக்கெல்லாம் தொங்கிடுச்சாம்."

"என் பீஸா? போங்க சார், வேற எவனோடதாவது இருக்கும்!"

"அடியில உங்க முத்திரைதான் இருக்கு. பார்த்துட்டுச் சொல்லுங்க. திரும்ப இப்படி வந்தா உங்களை பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லி மேல பேசறாங்க."

ஒன்றைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வாங்கி நாக்கைப் பார்த்தார். கம்பி கவ்விய தழும்பு தெரிந்தது. இடது கைக்காரர் கவ்வினால் தழும்பு சாய்கிற பக்கம் வேறு, அது அவருடையதுதான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தழும்பு, எதிர்ப் பக்கம் சாய்ந்து. வலது கை. இன்னொன்றைக் கழற்றினார். அதிலும் ரெண்டு. அதற்கடுத்ததிலும் ரெண்டு.

அவர் மேஜைக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் இருக்கிற வலது கை ஒன்றே ஒன்றுதான்.

முதலில் அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். பிறகு காது ரெண்டும் சூடானது. தான் வைத்த கேப்பை ஒருத்தன் திருத்தியிருக்கிறான்! திருத்திவிட்டு, "குட்மார்னிங் மாமா" என்று பல்லைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறான்! மகள் மடித்த துணி சட்டென்று நினைவுக்கு வந்தது. அந்தத் துணிக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் கேட்டால் இந்த ஆள் என்ன சொல்வார்? "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்பார். அதைக் கேட்டால் தனக்கு நெஞ்சடைப்பே வந்துவிடும் என்று தோன்றியது. அதனால் ஒரு புது பீஸை எடுத்தார். வேண்டுமென்றே நாக்கைப் பிடித்து நன்றாக வெளியே வளைத்தார். எலிக்குட்டி போய்வருகிற அளவுக்குச் சந்து. குருடன்கூடத் தடவிப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அதைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"உட்காருங்க மாப்பிள்ளை. இதைக் கொஞ்சம் பாருங்க. கேப் எப்படி இருக்கு?" பக்கத்தில் பிரஸ் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை பார்த்தார். பீஸைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், மறுபடி பீஸைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு மாமா."

"நல்லா இருக்கா?"

"ம். கொஞ்சம்... தாராளமா இருக்கு. பரவால்ல மாமா. வச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்."

"என்னய்யா பார்த்துக்குவ!" மரியாதை பறந்துவிட்டது. "எலி போகும்யா இதுல! பரவால்லையா? திரும்பி வந்த பீஸெல்லாம் பார்த்தேன், ரெண்டு ரெண்டு தழும்பு! எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து? என் பொண்ணு பொட்டியத் தூக்கிட்டு வந்து எத்தனை நாளாச்சு? நாக்கை வளைச்சு வளைச்சுப் பார்த்தியே, உன் வாயில ஒண்ணு இருக்கே, அதை ஒரு தடவையாவது அசைச்சுப் பார்த்தியா?"

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. அவரும் கத்தினார். ஜென்மத்தில் முதல் தடவையாகக் கத்தினார்.

"நான் வந்த நாள்லேருந்து நீங்க வைக்கிற கேப் எதுவுமே சரியில்ல மாமா! எல்லாம் கம்மி! உங்களுக்குக் கண்ணு தெரியல!"

பாதியில் மணியடித்துவிட்டது. சாப்பாட்டு நேரம். மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. 'உங்களுக்குக் கண்ணு தெரியல' மட்டும் ஷெட்டின் தகரக்கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. தூக்குப் பாத்திரத்தோடு எழுந்தவர்கள் எழுந்தபடியே நின்றார்கள்.

கண்ணளவு மாப்பிள்ளையின் மேஜையிலிருந்த கேஜ் தகட்டை எடுத்தார். அன்றைக்குக் காலையில் தான் வைத்து நகர்த்திய பீஸ் ஒன்றில் நுழைத்தார். போகவில்லை. இன்னொன்றில் நுழைத்தார். போகவில்லை. மாப்பிள்ளை செக்கிங்குக்கு வந்த பிறகு சூப்பர்வைசர் எல்லாருக்கும் நடுவில் பாராட்டினாரே, அதுவும் இந்த ஆள் திருத்தி அனுப்பிய பீஸுக்குத்தான் என்று புரிந்தது. அவமானமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது.

"சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா உங்களை மாத்தியிருப்பாங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, குரல் பழைய மாதிரி இறங்கி. "அதான் நானே சரி பண்ணி..."

"சரி பண்ணலய்யா நீ. கெடுத்த. ஒட்டியிருந்தா அன்னைக்கே கண்ணாடி போட்டிருப்பேன், உன் மேல நாலு நாள் கடுப்புல இருந்திருப்பேன், முடிஞ்சிருக்கும்." தகட்டை மேஜைமேல் வைத்தார். பிறகு, "இந்த பீஸுக்கெல்லாம் ஒட்டுங்க மாப்பிள்ளை," என்றார். "இப்பவே ஒட்டுங்க. நான் பார்க்கணும்." மாப்பிள்ளை ஒட்டினார். முதல் ஸ்டிக்கர் கோணலாகப் போனது.

"சாயந்திரம் வீட்டுக்கு வாங்க."

சாயந்திரம் மாப்பிள்ளை வந்தபோது மகள் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா நடந்ததைச் சொல்லியிருந்தார். அவள் நம்பவில்லை.

"அப்பாவைத் திட்டினீங்களாமே?"

"ஆமா."

"நிஜமாவா? சரி. என் முடி எப்படி இருக்கு?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஃபேனைப் பார்த்தார்.

"நல்லா இல்ல," என்றார் மாப்பிள்ளை. "எனக்குப் பிடிக்கல. நீளமா இருந்ததுதான் பிடிச்சிருந்தது. சாப்பாட்டுலயும் உனக்கு உப்பே போட வராது."

மகளுக்கு வந்ததே கோபம்! வெட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே சொல்ல வாய் இல்லையா, அக்காவிடம் மட்டும் சொல்ல வாய் இருந்ததா, உப்பு போட வராத கையைப் பிடித்துக்கொண்டு பிரமாதம் பிரமாதம் என்று எதற்கு நடித்தீர்கள் என்று பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை. கேட்டால் உடனே அழுவாயே, அழுகிறவளிடம் எப்படிச் சொல்வது என்றார். இப்போது அழுகிறேனா என்று கேட்டுக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டார். ரெண்டு பேரும் செருப்பை மாட்டும்போதும் சண்டை, படியிறங்கும்போதும் சண்டை. தெருமுனை திரும்பும் வரைக்கும் கேட்டது.

கண்ணளவுக்கு உடம்பிலிருந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா. மனுஷன்னா இப்படித்தான் நேருக்கு நேர் சொல்லிடணும். என்ன பயம் இவனுக்கு? வாயைத் திறந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

மனைவி சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் அவர் ஆணியடித்து மாட்டியது.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"என்ன?"

"இந்தக் கண்ணாடிய நீங்க கோணலாத்தான் மாட்டினீங்க. நீங்க வேலைக்குப் போனதும் நான்தான் ஆணியப் பிடுங்கி நேரா அடிச்சேன். அலமாரிக் கொக்கியும் அப்படித்தான்."

சத்தம் போடத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்திருந்தாள். அடுப்படி வாசலுக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் நகர்கிற அந்த ஒரு அடி. இன்றைக்குத்தான் அவருக்குக் கண்ணில் பட்டது.

வாயை மூடினார்.

"வேற என்ன?" என்றார்.

"சொல்லலாமா?"

"சொல்லு."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.