கீழ்ப் பீலித் தண்ணீர்

என் அக்கா மரியாயியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வரும். அப்படியொரு பிடிவாதக்காரி. கொழுந்து பறித்த காலத்தில் கணக்கப்பிள்ளையோடு சண்டை. அதை விட்டுவிட்டு மாடு வளர்க்க வந்த பிறகு லயத்தோடு சண்டை. "நீ யாரோடதான் ஒத்துப் போவ?" என்று கேட்டால், "என் மாடுகளோட ஒத்துப் போறேனே, அது போதாதா?" என்பாள்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கிற எங்கள் லயம் மாத்தளைக்கு மேலே, தேயிலையும் மிளகும் கலந்து கிடக்கிற சரிவில் இருக்கிறது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் அக்காவின் மாட்டுப்பட்டி. பட்டிக்குக் கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கான். கான் போய் முடிகிற இடத்தில் கீழ்ப் பீலி, அதாவது லயத்துச் சனம் குடிக்கவும் குளிக்கவும் குழாயில் விழுகிற ஊற்றுத் தண்ணீர். இதைக் கேட்டவுடனேயே பிரச்சினை என்னவென்று உங்களுக்கு விளங்கியிருக்கும். மழை பெய்தால் சாணித் தண்ணீர் கானில் இறங்கிப் பீலியில் கலந்துவிடும்.

போன வருஷம் எங்கள் காம்பராவுக்கு, அதுதான் லயத்து வீட்டுக்கு, அடுத்த காம்பராவில் இருக்கிற ஷெனாலியின் மகள் வயிற்றோட்டத்தில் விழுந்து, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றித்தான் பிழைத்து வந்தாள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் அந்தப் பிள்ளையை நான்தான் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிறேன். ஈர்க்குச்சி மாதிரி ஆகித் திரும்பி வந்ததைப் பார்த்து எனக்கே வயிறு எரிந்தது. ஷெனாலி நேரே தொரையிடம் போனாள். தோட்டத்து மனேஜரான தொரை பட்டிக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். சாணி கானுக்கு வராமல் வழி பார், இல்லாவிட்டால் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போ, இது தோட்டத்துக் காணி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாடுகளை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்பில்லை. இடுப்பு விழுந்த பிறகு மலையேறிக் கொழுந்து பறிக்க அவளால் முடியாது. அதனால் மிருக வைத்தியர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, சாணிக் கேஸ் குழி ஒன்று கட்டினாள். பட்டியைக் கழுவுகிற தண்ணீரும் சாணியும் வாய்க்கால் வழியாக மூடிய குழிக்குள் போகும். உள்ளே புளித்து வருகிற வாயு குழாய் வழியாக அடுப்புக்கு வரும். புளித்து முடிந்த கரைசல் பக்கத்தில் முன்பே இருந்த தொட்டிக்கு வரும். அதை அள்ளி மிளகுக் கொடிக்கு ஊற்றலாம். தொட்டியிலிருந்து கானுக்குப் போகிற பழைய ஓட்டையைச் சாக்கும் களிமண்ணும் திணித்து அவளே அடைத்தாள்.

முதல்முதலாக அடுப்பில் நீலமாக நெருப்பு எரிந்தபோது லயமே வந்து பார்த்தது. ஷெனாலி வரவில்லை. கீழ்ப் பீலியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்க மாட்டேன் என்று, தூரத்து மேல் பீலியிலிருந்து குடத்தைச் சுமந்துகொண்டு, எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காதான், "விடு நிஷாந்தினி. புள்ளயப் பெத்தவ. எனக்குன்னாலும் அப்படித்தான் இருக்கும்" என்பாள்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கல் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை கேஸ் குழியைப் பார்க்க வருவதாகத் தொரை ஆள் அனுப்பினார். பார்த்துவிட்டுத்தான் மாடுகள் இருப்பதா போவதா என்று சொல்வாராம்.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு மாலை போடாமல் எங்களால் இருக்க முடியாது. நானும் அக்காவும் மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டப் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்து மச்சானுக்கு, அதுதான் அக்கா புருஷன் ஒஸ்வல்டுக்கு, உதவி செய்கிற ஆசை வந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் வார்டு கழுவுகிற வேலை பார்க்கிறவர். சுத்தம் என்றால் அவருக்குப் பினாயில் வாசம்தான். வருஷம் முழுக்கப் பட்டிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன், கேன் நிறைய பினாயில் வாங்கி வந்து ஊற்றித் தேய்த்து வைத்திருந்தார். "எப்படி? தொரை வந்தா அசந்துருவாரு!" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு பினாயிலும் வாய்க்கால் வழியாகக் குழிக்குள் போயிருந்தது.

நீல நெருப்பு மஞ்சளானது. பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம். அதுவும் நின்றுபோனது.

மிருக வைத்தியர் ஆபீஸ் ஐயாவுக்குப் போன் போட்டோம். சாணியைப் புளிக்கவைக்கிற கிருமிகள் செத்துப் போய்விட்டன, குழியைக் காலி பண்ணி, நன்றாக வேலை செய்கிற வேறொரு குழியிலிருந்து கரைசல் கொண்டுவந்து ஊற்றி, மறுபடி ஆரம்பிக்க வேண்டும், வாரக் கணக்கில் ஆகும் என்றார். "அந்தக் கரைசலை மிளகுக்கும் ஊத்தாதீங்க. தண்ணியில மட்டும் விட்டுறாதீங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தண்ணீரும் வாய்க்காலில் விழ, தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. பினாயிலும் சாணியும் கலந்த அந்த நாற்றத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டும்.

மச்சான் காம்பராவுக்குள் வந்து சத்தம் போட்டார். "அடைப்ப எடுத்து உடு மரியாயி. மழையோட மழையா ஆத்துக்குப் போயிரும். நாளைக்குத் தொட்டியாச்சும் சுத்தமா இருக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

"பீலிக்குப் போகும்."

"ஒரு நாள்தானே! தொரை வந்து இந்தக் கண்றாவியப் பாத்தா மாடு போச்சு. தெரியுமா ஒனக்கு?"

"மாடு போனா போகட்டுங்க" என்றாள் அக்கா. "இன்னொரு புள்ள படுக்கக் கூடாது. அடைப்புல கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

வாளியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். மேட்டில், பீலிக்கு மறுபக்கச் சரிவில், ஒரு பழைய உரக்குழி இருக்கிறது. அதில் பொலித்தீன் விரித்து, தொட்டிக் கரைசலை வாளி வாளியாக அள்ளி மேலே சுமந்தாள். விழுந்த இடுப்போடு! "செத்துத் தொலையப் போற!" என்று திட்டிக்கொண்டே நானும் ஒரு வாளியைத் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து மச்சானும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். வாயைத் திறந்திருந்தால் வாளியாலேயே அடித்திருப்பேன். மழை விடும்வரை ஷெனாலியின் பின்வாசலைத் தாண்டித்தான் போனோம், வந்தோம். அவள் கதவு பாதி திறந்திருந்தது.

வெள்ளிக்கிழமை தொரை வந்தார். எட்டிப் பார்க்க லயமே கூடிவிட்டது. அவர் அடுப்பைத் திருகினார். ஒன்றுமில்லை. மறுபடியும் திருகினார்.

"எங்க மரியாயி கேஸ்?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். மச்சான் பேரை இழுக்காமல், "பட்டி கழுவுறப்ப பினாயில் போயிருச்சு தொரை. தப்பு எங்க மேலதான்" என்றாள். எனக்கு மச்சானைக் காட்டிக் கொடுக்க நாக்கு துடித்தது.

தொரை தொட்டியைப் பார்த்தார், பட்டியைப் பார்த்தார். "நா சொன்னதுதானே? வேல செய்யாத குழிய வச்சுக்கிட்டு என்ன செய்ய? இந்தச் சாணி எல்லாம் கீழதான் போகும். மாடுகள..."

"போகல தொரை."

திரும்பிப் பார்த்தோம். ஷெனாலி. இடுப்பில் மகள், கையில் செம்பு.

"எங்க லயத்துச் சுவரு கூரை வரைக்கும் கிடையாது. அந்தப் பக்கம் பேசுறது எல்லாம் எனக்குக் கேக்கும். நேத்தும் கேட்டுச்சு." மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "அடைப்ப எடுத்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இந்தக்கா எடுக்கல. மழையில செமந்துச்சு."

சொல்லிவிட்டு நேரே கீழ்ப் பீலிக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாளிலிருந்து அவள் கால் வைக்காத இடம். செம்பைக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். நிறைந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்து, முதலில் தான் ஒரு வாய் குடித்தாள். பிறகு மகளின் வாயில் வைத்தாள். பிள்ளை மடக்கு மடக்கென்று குடித்தது.

மீதியைத் தொரையிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆனால் மாடுகளை அவிழ்க்கச் சொல்லவும் இல்லை. "அடுத்த மாசம் வாறேன். அடுப்பு எரியணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அக்கா பீலிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா செத்ததற்கே அழாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஷெனாலி பிள்ளையை அக்கா மடியில் உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் வெறுங்குடம் இருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கங்கக்கா, தண்ணி புடிக்கணும்" என்றாள்.