பூட்டக்காவின் கிருமி

கடையைத் திறந்ததும் பூட்டக்கா முதலில் தன் விரல்களுக்கு வருகைப் பதிவு எடுப்பார். கட்டைவிரலால் மற்ற நான்கையும் ஒவ்வொன்றாகத் தொடுவார். மோதிர விரல் சண்டித்தனம் செய்தால், “இன்னிக்கும் லீவா ராசா?” என்று ஒரு தட்டு தட்டிவிட்டுச் சாவி வெட்டும் இயந்திரத்தை ஓடவிடுவார்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. சாவி தொலைத்துவிட்டு வருகிறவர்களை அவர், “தலைய மறக்காம கொண்டுவந்தீங்களே, அதுவே பெருசு” என்று வரவேற்பது எனக்கு நன்றாகவே கேட்கும்.

போன வருடம் அவருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி முடக்குவாதம் வந்தது. ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்தவர், ஒரு மாலை தன் வீட்டுச் சாவியைத் திருக முடியாமல் முழங்கையால் மணியடித்தார். கதவைத் திறந்த கணவர், “சாவி தொலைஞ்சுபோச்சா?” என்றார்.

“சாவி இருக்கு. கைதான் தொலைஞ்சுபோச்சு.”

இதை என்னிடம் சொன்ன அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை.

உடம்பின் காவல்படை உடம்பையே தாக்குகிறது என்று டாக்டரம்மா விளக்கியதை அக்கா ஏற்கவில்லை. “என் உடம்பு அவ்வளவு முட்டாளா? உள்ள எவனோ ஒளிஞ்சிருக்கான். அவனத் தேடித்தான் அடிக்குது.” இதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வைத்தியர்களும் உண்டு என்று, கார்ச் சாவியைக் காருக்குள்ளேயே பூட்டிவிட்ட பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டார் அக்கா.

“ஆதாரம் கொஞ்சம்தாம்மா. சிலருக்குத்தான் கேட்டிருக்கு” என்றார் டாக்டரம்மா.

“அந்தச் சிலர்ல நானும் ஒருத்தியா இருந்துட்டுப் போறேன்.”

மூன்று முறை வாதாடிய பிறகு டாக்டரம்மா இறங்கிவந்தார். பழைய மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் பார்க்கலாம்.

முதல் மாதம் ஒரே தலைசுற்றல். “கெளம்பறதுக்கு முன்னாடி கிருமி ஒரு ஆட்டம் போடுது” என்று சுவரைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்தார். முட்டிவலிக்காரத் தங்கை வந்து, “எனக்கும் நாலு குடுக்கா” என்று கை நீட்டினாள். “இது மிட்டாய் இல்லடி. உன் முட்டிக்கு வந்தது வயசு. அதுக்கு இன்னும் மருந்து வரல” என்று டப்பாவை மூடிவிட்டார்.

ஐந்தாம் மாதம் வீக்கம் வடிந்தது. ஆறாம் மாதம் நான்தான் ஸ்கூட்டரில் அழைத்துப்போனேன். டாக்டரம்மா பரிசோதனைத் தாள்களை இரண்டு முறை புரட்டினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய மாத்திரை வேலை செஞ்சுதா, புதுசு செஞ்சுதா, தானா அடங்குச்சான்னு என்னால சொல்ல முடியாது. திரும்பி வந்தாலும் வரலாம்.”

“வரட்டும். திருடன் யாருன்னு தெரியலன்னாலும், இப்போதைக்கு வீட்ட விட்டுப் போயிட்டான்ல?”

டாக்டரம்மா தன் இரண்டு விரல்களை நீட்டி, “எவ்வளவு முடியுதோ, அழுத்துங்க” என்றார்.

அக்கா அழுத்தினார். டாக்டரம்மாவின் மறு கையிலிருந்த பேனா நழுவித் தரையில் உருண்டது. “போதும்மா, போதும்” என்று அவர் விரல்களை உதறிக்கொண்டிருக்க, அக்கா குனிந்து பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிடித்தெடுத்து, மூடியைத் திருகி, அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில் செருகினார்.