தகரக்கோட்டையின் கடைசிக் காவலாளி: ஒரகடத்தில் ஒரு பகல்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, லீவு கூடப் போடாமல் ஒரகடத்துக்குப் போய்வந்தேன். ஊர் சுற்றவா என்று கேட்காதீர்கள், ஆபீஸ் வேலைதான். வீடியோ கேமுக்குக் கதை எழுதுவது என் பிழைப்பு. நாங்கள் செய்துகொண்டிருக்கும் கேமில் எதிரிகளுக்கு வேற்றுக் கிரகத்தில் ஒரு கோட்டை இருக்கிறது. ஜன்னலே இல்லாத தகரக் கூடங்கள், நீண்ட மதில், வரிசையாக வாசல்கள். பெயர் தகரக்கோட்டை. அதை வரைந்த எங்கள் ஓவியர் தினமும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் பைக்கில் வருகிறவர். கற்பனை எங்கிருந்து வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், கோட்டை விழுந்ததும் எதிரி வீரர்கள் எல்லாரும் ஓட வேண்டும். ஓடுகிறார்கள். உள்வாசலில் நிற்கும் ஒரே ஒரு காவலாளி மட்டும் அசைவதில்லை. சுற்றிலும் தீ, சங்கு அலறுகிறது, அவன் பாட்டுக்கு நிற்கிறான். எங்கள் புரோகிராமர் அவனோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். உடனே மேலாளர் என் பக்கம் திரும்பி, "அவன் ஏன் நிக்கிறான்னு நீ ஒரு கதை எழுதிடு" என்றார். எங்கள் தொழிலில் இது சகஜம். ஓட்டையை அடைக்க முடியாவிட்டால் அதற்கு ஒரு வரலாறு எழுதிவிடுவோம்.

எழுதிப் பார்த்தேன். அவன் ராஜ விசுவாசி என்றேன், சாபம் பெற்றவன் என்றேன், மன்னனின் ரகசிய மகன் என்றுகூட எழுதினேன். படித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. சரி, கோட்டையின் அசலையாவது ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். என் சித்தி மகன் இசக்கி அங்கேதான் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வருவான். சாப்பிட்டுக்கொண்டே பேசலாம், பிறகு அவனைக் கிளாம்பாக்கத்தில் ஊர் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்பது திட்டம்.

தாம்பரத்திலிருந்து ஒரகடம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். படப்பை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். பெண்களுக்குப் பிங்க் பஸ் வந்தால் டிக்கெட் இல்லை. எனக்கு வந்து சேர்ந்தது காசு வாங்கும் பஸ், என் ராசி அப்படி. பத்து மணிக்கு ஏறி பதினொன்றரைக்கு இறங்கினேன். பாதி நேரம் படப்பைக் கடைத்தெருவிலேயே போய்விட்டது.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வடக்குப்பட்டு போகிற பக்கமாக ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம் போய், பிறகு நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பக்கம் ஏரி, கொக்கு, எருமை. மறுபக்கம் கண் போகிற வரை மதில். எங்கள் ஓவியர் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் நான் என் கோட்டைக்கு எழுதி வைத்திருந்த பீரங்கியும் அகழியும் இங்கே தேவைப்படவில்லை. வாசலுக்கு வாசல் ஒரு கம்பு, ஒரு ரிஜிஸ்டர், நீலச்சட்டையில் ஒரு ஆள், அவ்வளவுதான். அவர்களில் ஒருவர் சாலையைத் தாண்டி வந்து, "போட்டோ எடுக்கக் கூடாதும்மா, போய்க்கினே இருங்க" என்றார். எதிரியின் கோட்டையை வேவு பார்க்க வந்து ஐந்தே நிமிடத்தில் பிடிபட்டேன்.

இரண்டு மணிக்கு இசக்கியின் கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். அவன் ரூம் சாவி பக்கத்துக் கடையில் இருந்தது. முன்பே அதை வாங்கி, அருகிலிருந்த அவன் ரூமிலிருந்து பையையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பைக்குள் ஒரு பட்டுப்பாவாடையும் ஒரு ஜோடி தங்கத் தோடும் இருந்தன. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாங்குநேரிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. இவன்தான் ஒரே தாய்மாமன். இவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ்.

ஷிப்ட் விட்டார்கள். கும்பல் கும்பலாக ஆட்கள் வந்தார்கள், கம்பெனி பஸ்கள் நிரம்பிப் போயின. இசக்கி வரவில்லை. போனை ஷிப்டில் லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்பதால் அடித்துப் பார்த்தும் பயனில்லை. இரண்டரைக்கு ஒரு ஆள் நேராக என்னிடம் வந்தார்.

"இசக்கி அக்காவா நீங்க? நான் ஏழுமலை, அதே லைன்தான். அவன் இப்போ வர மாட்டான் மேடம். ரிலீவர் வர்ல."

ஏழுமலை வடக்குப்பட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும். டீ வாங்கிக்கொண்டு எனக்கு விளக்கினார். லைனில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் நின்று ஒரு வேலை செய்ய வேண்டும். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் இவர் நகரலாம். இசக்கி இடத்துக்கு வர வேண்டியவருக்குச் சுங்குவார்சத்திரம் ரூமில் காய்ச்சல். காலையிலேயே சொல்லிவிட்டாராம். சூப்பர்வைசர் வேறு ஆள் பார்க்கிறேன் என்றவர் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் லீவு சொல்லி வச்சிருக்கான்ல? விட்டுட்டு வரச் சொல்லுங்க! குடியா முழுகிடும்?"

"லீவு நாளைக்குத்தானே மேடம். இன்னிக்கு விட்டுட்டு வந்தா லைன் நின்னுடும். அவனுக்கு முன்னாடி இருக்கறவன், பின்னாடி இருக்கறவன், அல்லாரும் திட்டு வாங்கணும். அப்பால இவனுக்குன்னு எவன் வந்து நிப்பான்?"

நேரம் போக வேண்டுமே என்று அவரிடம் போனில் கேமைக் காட்டினேன். தகரக்கோட்டையைப் பார்த்ததும், "அட, நம்ம கம்பெனி பெயின்ட் ஷாப்பு!" என்று சிரித்தார். கோட்டை விழுந்தது, எல்லாரும் ஓடினார்கள், காவலாளி நின்றான். ஏன் நிற்கிறான், சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். "தூங்கறான் போல" என்றார். பிறகு, "இல்ல மேடம், லவ் மேட்டரு. அந்தப் பொண்ணு இந்த வழியா வரும்னு வெயிட் பண்றான்" என்றார். கடைக்காரர் தன் பங்குக்கு, அவன் செக்யூரிட்டி இல்லை, சும்மா பார்க்க வந்தவன் என்றார்.

நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எங்கேயோ இசக்கி நின்றுகொண்டிருந்தான். சட்டென்று விளங்கிவிட்டது. காவலாளிக்குச் சாபமும் இல்லை, விசுவாசமும் இல்லை. அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை, வரவும் போவதில்லை. இவனிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிரமாதமான கதை. உடனே போனில் தட்டத் தொடங்கினேன், இரண்டு வரி எழுதியிருப்பேன், வெட்கமாகப் போய்விட்டது. மடியில் தோடு வைத்த பை. அந்தப் பிள்ளை நாளைக்கு யார் மடியில் உட்காரும் என்று தெரியவில்லை, நான் கதை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறேன். ச்சே என்று இருந்தது.

மணி மூன்றேகால். "இனிமே நேரமாச்சுன்னா பஸ் போச்சு" என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. ஏழுமலை இன்னொரு டீ சொன்னார். குடிக்காமல் சாலையோரம் போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்து, "அந்த எடத்துல ரெண்டு வருஷம் நின்னவன்தான் நானு. சூப்பர்வைசர கேட்டுப் பாக்கறேன். ஒத்துக்கினா அவன அனுப்பறேன்" என்று கையிலிருந்த அடையாள அட்டையை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் போனார். அந்த டீயைக் கடைக்காரரே எடுத்துக் குடித்தார்.

நாலு மணிக்கு இசக்கி ஓடி வந்தான். "எக்கா, ஏழுமலை அண்ணன் நிக்காவ! வாங்க, வாங்க!" ஆட்டோக்காரர் கிளாம்பாக்கத்துக்கு எண்ணூறு கேட்டார், பேரம் பேச நேரமில்லை. படப்பையில் மாட்டினோம். இசக்கி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஐந்து ஐம்பதுக்கு நிலையத்துக்குள் ஓடினோம். பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தவன் ஜன்னல் வழியாக, "அக்கா, நீங்க வந்த சோலியே முடியலியே" என்றான். முடிஞ்சுதுடா, போ என்றேன்.

மறுநாள் போட்டோ அனுப்பினான். பிள்ளை வாயெல்லாம் அழுகை, இவன் வாயெல்லாம் பல்.

போக நினைக்கிறவர்களுக்கு: வேலை நாளில் போங்கள், ஞாயிறு என்றால் பாதி உயிர் இருக்காது. ஷிப்ட் மாறும் இரண்டு மணி பார்க்க வேண்டிய நேரம். கம்பெனிகளுக்குள் விட மாட்டார்கள், வாசலில் படம் எடுக்காதீர்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், மதிலோரத்தில் நிழல் கிடையாது. மாலையில் வேறெங்காவது போக வேண்டுமென்றால் படப்பைக்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். நான் பார்த்தவரை அங்கே கோட்டை என்று ஒன்றும் இல்லை. ஆட்கள் ஒருவர் இடத்தில் ஒருவர் மாறி மாறி நிற்கிறார்கள், அதனால் ஓடுகிறது. என் கதையில் மன்னனுக்கு இனி வேலை இல்லை.

காவலாளியின் கதையை எழுதிக் கொடுத்தேன். புரோகிராமருக்குப் பிடித்துப்போய், மறுபடி மல்லுக்கட்டி ஒரு வசதியும் சேர்த்தார்: ஆடுகிறவர் பக்கத்தில் போய் நின்றால் காவலாளி இடத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். சோதித்துப் பார்க்க ஏழுமலைக்கு அனுப்பினேன். ராத்திரி போன் செய்தார்.

"யக்கா, அவன் திரும்பிக் கூடப் பாக்காம பூட்டான். இப்போ நான் எப்படி வெளிய வர்றது?"

அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. "அன்னைக்கு உங்களை யாரு மாத்தி விட்டா?"

"எவனும் வர்ல. பத்து மணிக்கு ஷிப்ட் முடிஞ்சுதான் வூட்டுக்குப் போனேன். பாப்பா தூங்கிடுச்சு. அன்னிக்கு அதுக்கு பர்த்டே."

அன்று சாலையோரம் அவர் யாரிடம் பேசினார் என்று இப்போது புரிந்தது. எனக்காகத்தான் சொன்னார் போல, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அட வுடுக்கா. கேக்கு ஃபிரிட்ஜ்ல இருந்தா மறுநாளும் கேக்குதான். மாமன் மடிய எடுத்து வைக்க முடியுமா?"